சப்பாத்தி மேல் போட்ட பழி

ராத்திரி சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். நள்ளிரவில் கடமுடா என்று சத்தம், விடிந்ததும் இரண்டு மூன்று முறை ஓட்டம். மூன்று வருடமாக இதே கதை. இட்லி, தோசை சாப்பிட்ட இரவுகளில் இந்த வம்பு இல்லை. அப்புறம் என்ன சந்தேகம்? கோதுமைதான் குற்றவாளி என்று நானே தீர்ப்பு எழுதி சப்பாத்தி, பரோட்டா, ரவா உப்புமா எல்லாவற்றையும் நிறுத்தினேன். போகட்டும் என்று பாலையும் சேர்த்து நிறுத்தினேன். இரண்டே வாரத்தில் வயிறு அமைதியானது. அந்தத் தெம்பில்தான் குடல் மருத்துவரைப் பார்க்கப் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "கோதுமையை எப்ப நிறுத்தினீங்க?" மூன்று வாரம் ஆச்சு என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடம்பே கிளம்பிச் சிறுகுடலைப் புண்ணாக்குவது சீலியாக் நோய். அதற்கான ரத்தப் பரிசோதனை, டிடிஜி-ஐஜிஏ, அப்போது உடம்பு உண்டாக்கும் ஐஜிஏ வகை எதிர்ப்புப் புரதங்களை அளப்பது. கோதுமையை நிறுத்திவிட்டால் அவை குறைந்துபோய், நோய் இருப்பவருக்குக்கூட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வரலாம். "திரும்பச் சாப்பிடுங்க. ஆறு வாரம், தினமும். அப்புறம் டெஸ்ட் எடுப்போம்" என்றார்.

ஆறு வாரம்! தொந்தரவு தரும் என்று நம்பிய பண்டத்தை மருந்து மாதிரி தின்பதை விடக் கொடுமை வேறில்லை. பால் காபியும் தானாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் ரிப்போர்ட் நெகட்டிவ். கூடவே மொத்த ஐஜிஏ அளவும் பார்த்தார்கள். சிலருக்கு அதுவே பிறவியில் குறைவாக இருக்கும், அப்போது முதல் பரிசோதனையின் முடிவை நம்ப முடியாதாம். எனக்கு அதுவும் சரியாகவே இருந்தது. ரத்தம் கொடுத்த லேபில், நூற்றுச்சொச்சம் உணவுகளுக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் பேக்கேஜ் ஒன்றும் நீட்டினார்கள். மருத்துவர் சிரித்தார். அதில் பார்ப்பது ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்புப் புரதம். அந்தப் பண்டத்தை நீங்கள் சாப்பிட்டு வருகிறீர்கள் என்பதைத்தான் அது காட்டும் என்றார். சில ஆயிரம் மிச்சம்.

அதற்குப் பிறகுதான் முறையான விலக்கு உணவு. மூன்று வாரம் கோதுமையும் பாலும் இரண்டுமே கிடையாது. அப்புறம் ஒவ்வொன்றாக, நடுவில் மூன்று நாள் இடைவெளி விட்டு, திரும்பச் சேர்க்க வேண்டும். நிறுத்தும்போது பாதி விடைதான் கிடைக்கும், சேர்க்கும்போதுதான் மீதி தெரியும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். குறிப்பு எழுத நோட்டு வாங்கவில்லை. தினசரி காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கமே போதுமாக இருந்தது. முன்பக்கம் ராசிபலன், பின்பக்கம் என் வயிற்றுபலன்.

நம் வீடுகளில் கோதுமையைத் தவிர்ப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். அரிசி, கேழ்வரகு, சாமை, தினை எல்லாம் இருக்கிறதே. முதல் நாளே மனைவி பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்து, "என்னங்க, இதுல மைதா கலந்திருக்கு!" என்றாள். கூட்டுப் பெருங்காயம் என்றால் பிசினோடு மாவும் சேர்த்ததுதானாம். ரசத்துக்குப் போடும் சிட்டிகை என்னைப் போன்றவனை ஒன்றும் செய்துவிடாது. ஆனாலும் கணக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று மூன்று வாரம் சீரகத்தோடு நிறுத்திக்கொண்டோம். உடம்புக்கு நல்லது என்று குடித்து வந்த மால்ட் பவுடரில் கோதுமை, பார்லி, பால் பவுடர் மூன்றும் ஒரே டப்பாவில். ஓட்டல் பக்கமே போகவில்லை.

இரண்டாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. உடம்பு விஷத்தை வெளியேற்றுகிறது என்றார் ஒரு நண்பர். விஷமாவது ஒன்றாவது! பால் இல்லாத காபி பிடிக்காமல் காபியையே விட்டிருந்தேன். நாளுக்கு மூன்று டம்ளர் குடித்தவனுக்குத் தலை வலிக்காமல் என்ன செய்யும்? மூன்றாம் நாள் கருப்பட்டி போட்டுக் கடுங்காபி குடித்ததும் சரியாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "பால் குடிச்சு யாருக்குடா வயிறு கெட்டிருக்கு?" என்று தினமும் கேட்டார். சுண்ணாம்புச் சத்துக்கு ராகியும் எள்ளும் முருங்கைக்கீரையும் என்று சமாளித்தோம்.

முதலில் சேர்த்தது கோதுமை. ஒரு சப்பாத்தி, மறுநாள் இரண்டு, அதற்கு மறுநாள் நான்கு. தாளில் மூன்று நாளும் 'ஒன்றுமில்லை'. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுபடி ஒரு சுற்று, அதே விடை. அப்போதுதான் மனைவி சொன்னாள்: "முன்னெல்லாம் சப்பாத்தி சூடுன்னு படுக்கும்போது ஒரு டம்ளர் பால் கொடுப்பேனே. இட்லி அன்னைக்குக் கொடுக்கறதில்லையே." மூன்று வருடம் கண்ணெதிரே இருந்திருக்கிறது அந்த டம்ளர்.

அடுத்து பால். நெய், தொந்தரவில்லை. தயிர், தொந்தரவில்லை, உறையும்போது பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. காலை காபியில் அரை டம்ளர் பால், சமாளித்தேன். கடைசியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெறும் வயிற்றில் 250 மில்லி பால். கிட்டத்தட்ட 12 கிராம் லாக்டோஸ். குடித்தது ஏழு மணிக்கு. எட்டரைக்கு உருளத் தொடங்கியது. பத்து மணிக்குள் இரண்டு முறை போய்விட்டு வந்தேன். வேறொரு நாள் திரும்பச் செய்தபோதும் அப்படியே. லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி சின்ன வயதுக்குப் பிறகு குறைவது உலகத்தில் பெரும்பாலோருக்கு நடப்பதுதான். நம் நாட்டில் வடமேற்கை விடத் தெற்கே அது அதிகம் என்றார் மருத்துவர். அதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப தயிர் மட்டும் எந்தப் பால்ல வருதாம்?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி தயிர் விட்டார்.

இப்போது காலையில் ஒரு காபி, அதுவும் டிபனுக்குப் பிறகு. ராத்திரிப் பால் கிடையாது. சப்பாத்தி வாரம் இரண்டு முறை. ஆனால் கல்யாண வீட்டில் பரோட்டாவும் குருமாவும் வயிறு முட்டச் சாப்பிட்டால் லேசாக உப்புகிறது. கோதுமையில் வயிற்றை உப்பவைக்கக்கூடிய ஃப்ரக்டான் என்று ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது, வெங்காயத்திலும் பூண்டிலும் அதுவே உண்டு, வேண்டுமானால் அவற்றையும் கொஞ்ச நாள் விலக்கிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். சின்ன வெங்காய சாம்பாரை நினைத்தேன். தீபாவளி முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.