ஆட்டம் நிற்கும்வரை: 8 மாதக் குழந்தைக்குக் கார் சீட் பொருத்திய அனுபவம்

கடையில் பொருத்திக் கொடுத்ததோடு வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். பையனுக்கு அப்போது 8 மாதம், 8 கிலோ. "தலை நின்னுடுச்சுல்ல மேடம், முன்பக்கம் பார்த்தே வைக்கலாம், வேடிக்கை பார்த்துட்டு வருவான்" என்று சொல்லி, ஐந்து நிமிடத்தில் பின் சீட்டில் பெல்ட்டைச் சுற்றி மாட்டிவிட்டார்கள். அன்று பையனை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். திரும்பும் வழியில் ஒரு வேகத்தடையில் காலி சீட் அப்படியே சாய்ந்து கதவில் இடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கையால் அசைத்துப் பார்த்தேன். ஒரு சாண் நகர்ந்தது.

அன்று இரவு பையன் தூங்கியதும் கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சீட்டின் பின்புறம் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. வட்டத்துக்குள் ‘ஈ’ எழுத்து, குழந்தை சீட்டுகளுக்கான ஐ.நா. பாதுகாப்பு விதிமுறையின் எண்ணான ஆர்44, எடை வரம்பு எல்லாம் அதில்தான். 13 கிலோ வரை பின்பக்கம் பார்த்து உட்கார வைக்கலாம். முன்பக்கம் பார்த்து வைக்கக் குறைந்தது 9 கிலோ வேண்டும். 8 கிலோ பையனுக்கு அந்தக் கடைக்காரர் செய்தது அடிப்படையிலேயே தவறு. அதற்குப் பிறகு வந்த ஆர்129 விதிமுறை இன்னும் கண்டிப்பானது. எடை என்னவாக இருந்தாலும் 15 மாதம் முடியும்வரை குழந்தையை முன்பக்கம் திருப்பவே கூடாது என்கிறது.

காரணம் கழுத்து. கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை மிகப் பெரியது. கழுத்து எலும்புகள் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது கார் மோதினால், உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகுப்பகுதி சேர்த்துத் தாங்கிவிடும். இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் நானும் என் கணவரும் சீட்டைக் கழற்றித் திருப்பி வைத்தோம். பின்பக்கம் பார்த்து வைக்க நீல நிறக் குறி உள்ள வழியிலும், முன்பக்கத்துக்குச் சிவப்புக் குறி உள்ள வழியிலும் பெல்ட் போகவேண்டும். நீலக் குறிப்படி, கார் பெல்ட்டில் மடிமேல் வரும் மடிப்பட்டையை இரண்டு பக்கக் கொக்கியிலும் நுழைத்து, தோள்மேல் வரும் தோள்பட்டையைச் சீட்டின் முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தால், பக்கிளுக்கு நான்கு விரல்கடை தூரத்தில் பெல்ட் தீர்ந்துபோனது. முறுக்கை எடுத்தோம், அடுத்த ஜன்னல் பக்கம் மாற்றினோம். எட்டவே இல்லை. எங்களுடையது பழைய சின்ன கார். பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை நேராக மாட்ட உதவும் ஐசோஃபிக்ஸ் கம்பி கிடையாது, பின் சீட் நடுவில் இடுப்புப் பட்டை மட்டும்தான். முன் சீட்டில் வைக்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அங்கே ஏர்பேக் இருக்கிறது. பின்பக்கம் பார்த்த சீட்டின் முதுகு அதற்கு மிக நெருக்கத்தில் இருக்கும். ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் நேராகக் குழந்தையின் தலைப்பக்கம்தான் விழும். வெயில் மறைப்பில் அதற்கென்றே எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கிறார்கள். பெல்ட்டை நீட்டிக்கொள்ளத் தனித் துண்டு விற்கிறது என்று ஒருவர் சொன்னார். கையேட்டில் இல்லாத எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனோம். இந்த முறை பணம் கொடுக்கும் முன்பே, காரை வாசலில் நிறுத்தி ஒவ்வொரு சீட்டாகப் பெல்ட் மாட்டிப் பார்த்தோம். மூன்றாவது சீட்டுக்குப் பெல்ட் எட்டி, கொஞ்சம் மிச்சமும் இருந்தது. எல்லாக் கார் சீட்டும் எல்லாக் காருக்கும் பொருந்தாது. வாங்கப் போகிறவர்கள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

இறுக்குவதுதான் பெரிய வேலை. அவர் இரண்டு கையாலும் சீட்டை முழு எடை கொடுத்து அழுத்திப் பிடிக்க, நான் முதலில் மடிப்பட்டையை இழுத்தேன், அப்புறம் தோள்பட்டையை. பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கம் பிடித்து அசைத்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அது அளவு இல்லை. முதல் தடவை இரண்டு அங்குலம் ஆடியது. நான்காவது தடவைதான் நின்றது. பக்கிள் சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பில் மோதி வளையாமல், பட்டையோடு நேராக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சீட்டின் பக்கவாட்டில் போட்டிருக்கும் சாய்வுக்கோடு தரைக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். சாய்வு போதாவிட்டால் தூங்கும் குழந்தையின் தலை மார்பில் கவிழ்ந்து மூச்சுக்குத் தடையாகும்.

பிறகு பையனை உட்காரவைத்தோம். பின்பக்கம் பார்க்கும்போது, குழந்தையைக் கட்டும் சீட்டின் தோள் வார்கள் அவன் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ இருக்கும் துளையிலிருந்து வரவேண்டும். இறுக்கிய பிறகு தோள்பக்கத்தில் வாரை விரலால் கிள்ளிப் பார்த்தேன். மடிப்பு கையில் சிக்கினால் இன்னும் தளர்வு என்று அர்த்தம்.

"ஏண்டி, பச்சக் குழந்தைய இப்படிக் கட்டிப் போடுற? குடு, நான் மடியில வெச்சுக்குறேன்" என்றார் அம்மா. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 194பி என்ற பிரிவு இருக்கிறது. 14 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப் போனால் 1,000 ரூபாய் அபராதம். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. கணக்கைத்தான் சொன்னேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றால், 8 கிலோ குழந்தை 100 கிலோவுக்கு மேல் உள்ள மூட்டைபோல் முன்னால் இழுக்கும். "அரிசி மூட்டை நாலு சேர்த்து உன் கையிலிருந்து பிடுங்கினா தாங்குவியாம்மா?" என்று கேட்டேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தன் பெல்ட்டையும் போட்டுக்கொண்டார்.

முதல் பயணம் விழுப்புரத்துக்கு. வழியில் இரண்டு முறை நிறுத்தி, அவனை வெளியே எடுத்துக் காலை நீட்ட விட்டோம். சாப்பிட்டுவிட்டு வந்தபோது வெயிலில் பக்கிள் கொதித்துக் கிடந்தது. அதிலிருந்து வண்டியை நிறுத்தினாலே சீட்டின்மேல் வெள்ளைத் துண்டு ஒன்று போட்டுவிடுவோம். குழந்தையை உட்காரவைக்கும்போது எடுத்துவிடுவோம். முதுகுக்கும் வாருக்கும் நடுவில் துண்டோ மெத்தையோ கூடாது, இறுக்கம் போய்விடும்.

இப்போது அவனுக்கு 14 மாதம், 10 கிலோ. கால் மடங்குகிறது, அவனுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. தோள் வாரை ஒரு துளை மேலே ஏற்றியிருக்கிறேன். வாரம் ஒருமுறை பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பார்க்கிறேன். "9 கிலோ தாண்டிடுச்சே, இன்னும் திருப்பலையா?" என்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். 13 கிலோ வரை திருப்பப்போவதில்லை.