நத்தைக்கும் ஆமைக்கும் ஜென்மப் பகை

இத்தாலியின் சியனா நகரத்தில் நத்தைக்கும் ஆமைக்கும் ஆகவே ஆகாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பேட்டைகள். கான்ட்ராடா என்பார்கள், மொத்தம் 17. 1730 வாக்கில் ஆளுநர் வியோலாந்தே வகுத்துக் கொடுத்த எல்லைகள்தான் இன்றைக்கும்.

ஜூலை 2, ஆகஸ்ட் 16 தேதிகளில் இந்தப் பேட்டைகளுக்குள் பாலியோ என்ற குதிரைப் பந்தயம். காம்போ சதுக்கத்தில் மண் கொட்டி, சேணமில்லாத குதிரையில் மூன்று சுற்று. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். எந்தக் குதிரை யாருக்கு என்பது குலுக்கல். பந்தயத்தன்று குதிரையைப் பேட்டைத் தேவாலயத்துக்குள்ளேயே கூட்டிப்போய் பாதிரியார் ஆசீர்வதிப்பார். உள்ளே அது சாணி போட்டுவிட்டால் நல்ல சகுனமாம்! ஜாக்கி நடுவில் விழுந்தாலும் பரவாயில்லை, குதிரை தனியாக முதலில் வந்தால் வெற்றிதான்.

ஜாக்கிகள் கூலிக்கு வருபவர்கள், அதனால் அவர்களை யாரும் முழுசாக நம்புவதில்லை. பேட்டைகளுக்குள் ரகசியமாகப் பணம் பேசிக்கொள்வதும் ஆட்டத்தில் சேர்த்திதான். எனக்குப் பிடித்ததே இந்த வில்லங்கம்தான். நாம் ஜெயிக்க வழியில்லையா, சரி, எதிரியாவது ஜெயிக்கக் கூடாது. அப்புறம், அங்கே கடைசியாக வருவதைவிட இரண்டாவதாக வருவதுதான் பெரிய அவமானம்.