ட்யூப் மாட்டாமலே 3.1 மைக்ரோ ஆம்பியர்: கசிவைப் பிடித்த கதை

மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போய்விட்டது. கதிர்வீச்சை எண்ணுகிற கெய்கர் ட்யூபுக்காகக் கட்டிய 400 வோல்ட் சப்ளை, ட்யூப் மாட்டாதபோதே 3.1 மைக்ரோ ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. நேற்று ராத்திரிதான் பிடிபட்டது.

முதலில் அளந்த விதம். உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகா ஓம் உள்ள மீட்டரை நேரே வைத்தால் 260 வோல்ட்தான் வரும்; மீட்டரே 26 மைக்ரோ ஆம்பியரைக் குடித்துவிடுகிறது. அதனால் 100 மெகா ரெசிஸ்டர் பத்தைச் சங்கிலியாகக் கோத்து மீட்டருக்கு முன்னால் போட்டேன். 400 வோல்ட்டுக்கு மீட்டர் 3.96 வோல்ட் காட்டும். இந்த ரெசிஸ்டருக்காக திருவனந்தபுரம் வரை அலைந்தேன், 10 மெகாவுக்கு மேல் கிடைக்கவில்லை. கடைசியில் சென்னை ரிச்சி தெருவிலிருந்து கூரியரில் வந்தது.

கரண்ட் அளக்க மீட்டரை மேல் முனையில் சொருகாதீர்கள். மீட்டர் மொத்தமும் 400 வோல்ட்டில் மிதக்கும், எண்ணும் நிற்காது. டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி, வோல்டேஜைப் படிப்படியாக ஏற்றும் டையோடு-கெபாசிட்டர் மல்டிபிளையர், இரண்டின் கீழ் முனையையும் சேர்த்து கிரவுண்டிலிருந்து பிரித்து, நடுவில் 10 கிலோ ஓம் வையுங்கள். வெளியே போகிற கரண்ட் எல்லாம், கசிவு உட்பட, அந்த வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். குறுக்கே 1 மைக்ரோ ஃபாரட் இல்லையென்றால் ரிப்பிளில் எண் ஆடும். பொறி தெறித்தாலும் மீட்டர் பிழைக்க எதிரெதிராக இரண்டு 4148 டையோடு. சாதாரண 830 மீட்டரின் 200 மில்லிவோல்ட் ரேஞ்சே போதும், அதில் 0.1 மில்லிவோல்ட் என்றால் 0.01 மைக்ரோ ஆம்பியர்.

மீட்டரில் 31 மில்லிவோல்ட், அதாவது அந்த 3.1 மைக்ரோ ஆம்பியர். ரெசிஸ்டர் சங்கிலிக்கு 4 போனால் மீதி 27 எங்கே? டையோடுகளை மாற்றினேன், கெபாசிட்டர்களை மாற்றினேன், அசையவில்லை. போர்டைக் குனிந்து பார்த்தபோது மூச்சு பட்டு எண் 38க்கு ஏறியது!

மார்த்தாண்டத்தில் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை. பழுப்பு டாட் போர்டு ஈரத்தை இழுத்து வைத்திருந்தது, மேலே சால்டர் வைத்தபோது ஒட்டிய ஃப்ளக்ஸ் பிசின் வேறு. ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) ஊற்றி பல் பிரஷால் தேய்த்து ஹேர் டிரையரில் காயவைத்தேன்: 9. காலையில் மழையோடு மறுபடி 22. பொறுமை போய், மல்டிபிளையரின் கடைசி மூன்று ஸ்டேஜையும் போர்டிலிருந்து பிடுங்கி, கால்களை அந்தரத்தில் சேர்த்து சால்டர் வைத்தேன். இப்போது 4.5! வோல்டேஜும் 14 ஏறி 414.

ஈரம் புகாமலிருக்க மெழுகு ஊற்றவில்லை, பெட்டியும் வாங்கவில்லை. மனசு அதற்குள் மணவாளக்குறிச்சிக்குப் போய்விட்டது. அங்கே கடற்கரை மோனசைட் மணலில் கதிர்வீச்சு விடுகிற தோரியம் உண்டு. வீட்டில் வருவதைவிட எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்க வேண்டும். எஸ்பிஎம்-20 ட்யூபுக்கு 350 முதல் 475 வோல்ட் வரை சரி, 414 நடுவில் உட்கார்ந்திருக்கிறது. மழை விடுகிற முதல் ஞாயிறு பைக்கை எடுக்கிறேன்.