‘தென்படவில்லை’ என்பதும் ஒரு பதிவுதான்

ஒளி கூடிக் குறையும் மாறும் விண்மீன்களில் ஒன்றான யூ ஜெமினோரம், வேளச்சேரியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பெரும்பாலான இரவுகளில் தென்படுவதில்லை. புனர்பூசத்தின் போலக்ஸுக்குத் தெற்கே, பூசத்தை நோக்கிச் சற்று நகர்ந்தால் அது இருக்கும் இடம் வந்துவிடும். ஆனால் சாதாரண நாட்களில் அதன் ஒளிப்பொலிவு எண் 14; இந்த எண் கூடக் கூட விண்மீன் மங்கல். தெருவிளக்கு வெளிச்சமும் கடற்காற்றின் ஈரமும் கலந்த நம் வானத்தில், ஆறு அங்குலத் தொலைநோக்கியில் 11 வரை எட்டினாலே அது நல்ல இரவு.

சராசரியாக நூறு நாட்களுக்கு ஒருமுறை அந்த விண்மீன் ஓரிரு நாட்களுக்குள் 9-க்கு ஏறுகிறது. ஐந்து எண் வேறுபாடு என்றால் நூறு மடங்கு ஒளி. இந்தக் கணக்கை 1856-இல் முன்மொழிந்த ஆங்கிலேய வானியலாளர் நார்மன் போக்சன்தான் 1861 முதல் நுங்கம்பாக்கத்து மதராஸ் வானாய்வகத்தை நடத்தினார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, தெற்கு அடிவானத்திலிருந்து அதிக உயரம் ஏறாத ஆர் ரெட்டிகுலி என்னும் மாறும் விண்மீனை 1867-இல் அங்கிருந்தே கண்டுபிடித்தார். சென்னையில் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

யூ ஜெமினோரம் நான்கேகால் மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்களின் இணை. ஒன்று சிறிய, குளிர்ந்த சிவப்புக் குள்ள விண்மீன்; மற்றொன்று எரிந்து முடிந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீன். முதலாவதிலிருந்து வழியும் வாயு, இரண்டாவதைச் சுற்றி வட்டாகத் தேங்குகிறது. தேங்கத் தேங்க வெப்பம் ஏறி, ஹைட்ரஜன் அயனியாகும் நிலை வந்ததும் வாயுவின் பாகுத்தன்மை (உள் உராய்வு) கூடுகிறது, தேங்கியது வேகமாக உள்நோக்கி விழத் தொடங்குகிறது. நாம் காணும் திடீர் ஒளியேற்றம், அதாவது வெடிப்பு, அந்த வட்டின் ஒளிதான்.

நூறு நாள் என்பது சராசரி மட்டுமே. இடைவெளி வெகுவாகக் கூடிக் குறையும். ஆகவே வெடிப்பு எப்போது தொடங்கியது என்பதை, கடைசியாக அது தென்படாத இரவைக் கொண்டுதான் குறுக்க முடியும். விண்மீனைக் காணாத இரவில், அருகே எண் தெரிந்த ஒப்பீட்டு விண்மீன்களில் எனக்குத் தெரிந்தவற்றுள் மிக மங்கலானது எதுவோ அதைக் குறித்து, “10.8-ஐ விட மங்கல்” என்று நேரத்துடன் எழுதுகிறேன். வெறும் கண்ணாடி வில்லையும் பொறுமையும் கொண்ட ஒருவர் அறிவியலுக்குத் தரக்கூடிய மிக நேர்மையான வரி இது என்றே கருதுகிறேன். ஹப்பிள் தொலைநோக்கி இத்தகைய இணைகளை ஆராய்ந்தபோது, வெடிப்பின் ஒளி அதன் நுண்ணிய உணரிகளைப் பாதிக்காதிருக்க, அந்த இணைகள் வெடிக்காமல் அடங்கியிருப்பதை முன்கூட்டியே உறுதிசெய்து சொன்னவர்களும் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களே.

நம் தீர்க்கரேகைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சென்னையில் இரவு எட்டு மணியாகும்போது ஐரோப்பாவில் பகல், அமெரிக்காவில் காலை. ஒரே நாளில் ஏறிவிடக்கூடிய விண்மீனுக்கு அந்த இடைவெளி பெரியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை முதல் பங்குனி வரை மாலை வானம் ஓரளவு தெளிந்து, இந்த விண்மீன் இருக்கும் மிதுனமும் உச்சிக்கு வருகிறது. ஆனியில் அது அந்தி வெளிச்சத்தில் தாழ்ந்துவிடும். ஆறு அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் அந்த மூன்று மாதங்களிலாவது, 1911 முதல் இயங்கும் அமெரிக்க மாறும் விண்மீன் நோக்கர் சங்கத்துக்குத் தங்கள் பதிவுகளை அனுப்ப வேண்டுகிறேன். விண்மீன் தென்படாத இரவுகளையும் விடாமல் சேர்த்து அனுப்புங்கள்.