பெயர் போடேல்லைத்தானே

பாலியல் குற்றச் செய்தியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச நிருபரிடம் சந்தேகம் கேட்டால், பெரும்பாலும் முதலில் வருகிற பதில் இதுதான்: "பெயர் போடேல்லைத்தானே அண்ணை." உண்மைதான், பெயர் இருக்காது. ஆனால் வயது இருக்கும், கிராமம் இருக்கும், தரம் 10 என்பது இருக்கும், தகப்பன் பிரான்சில் என்பது இருக்கும், சந்தேகநபர் தாயின் தம்பி என்பதும் இருக்கும். யாழ்ப்பாண மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள். அதில் ஒன்றுக்குள் இத்தனையும் பொருந்துகிற பிள்ளைகள் எத்தனை பேர்? சந்திக் கடை வாங்கிலில் பேப்பரை விரித்து ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்க முன்னம் ஊர் ஆளைப் பிடித்துவிடும்.

சட்டமும் பெயரோடு நிற்கவில்லை. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவைக்குள் வந்த 365சி பிரிவு, பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அவரை அடையாளம் காட்டக்கூடிய எந்த விடயத்தையோ வெளியிடுவதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். வல்லுறவு மட்டுமல்ல, 345ஆம் பிரிவின் பாலியல் தொந்தரவும் இதற்குள் அடங்கும். ஆகவே "பஸ்ஸில் மாணவிக்கு அங்கசேட்டை, இளைஞர் நையப்புடைப்பு" என்று நாலு வரியில் தள்ளிவிடுகிற செய்திக்கும் இது பொருந்தும். பாதிக்கப்பட்டவர் அனுமதித்தால் வெளியிடலாம், ஆனால் அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும். ரெலிபோனில் யாரோ "பரவாயில்லை" என்றது கணக்கில் வராது. இறந்தவர் விடயத்தில் நெருங்கிய உறவினரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். இறந்துவிட்டார்தானே என்று படத்தைத் தூக்கிப் போடும் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

வீட்டுக்குள் நடந்த குற்றம்தான் மிகவும் சிக்கலானது. ஒரு பத்திரிகை உறவுமுறையை விட்டுவிட்டுச் சந்தேகநபரின் பெயரைப் போடுகிறது. மற்றது பெயரை விட்டுவிட்டு "சித்தப்பா" என்று போடுகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் கவனமாக எழுதியவைதான். ஆனால் இரண்டு பேப்பரும் ஒரே வாங்கிலில்தான் கிடக்கும். அதனால் உறவினர் சம்பந்தப்பட்ட செய்தியில் பெயர், உறவு இரண்டையும் விடுவதே பாதுகாப்பு. "சிறுமிக்கு அறிமுகமான ஒருவர்" என்றால் போதும். இடத்துக்குக் கிராமத்தை விட்டுப் பொலிஸ் பிரிவைப் போடலாம். அதுவும் எல்லா இடத்துக்கும் சரிவராது. நெடுந்தீவுப் பொலிஸ் பிரிவு என்றால் அது ஒரே ஒரு தீவு. அங்கே "தீவகம்" என்று அகலமாக எழுதவேண்டும். ஊர்ப் பெயர் எவ்வளவு காலம் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதற்குப் புங்குடுதீவு போதும். 2015 மே மாதம் அங்கே மாணவி கொல்லப்பட்ட வழக்கில், 2017 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட ட்ரயல் அட் பார் நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தீர்ப்பு வந்த பின்னரும் ஊரின் பெயரே வழக்கின் பெயராக நிற்கிறது.

இனிச் சொற்கள். நடக்காத சம்பவமொன்றுக்கு, ஆனால் வழமையான நடையில் எழுதிய தலைப்பை எடுப்போம்: "வீட்டில் தனிமையில் இருந்த 14 வயதுச் சிறுமியுடன் உல்லாசம்: காமுகன் வசமாகச் சிக்கினான்". "தனிமையில் இருந்த" என்பது ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்று தாயைக் கேட்கிறது. "ரியூசன் முடிந்து இரவில் வந்த" என்பதும் அதே இனம். "உல்லாசம்" செய்தவனின் பக்கத்திலிருந்து பார்த்த சொல். அந்தப் பிள்ளைக்கு அதில் எந்த உல்லாசமும் இல்லை. "சிறுமியுடன்" என்பதில் வருகிற "உடன்" இருவரும் சேர்ந்து செய்ததாகக் காட்டுகிறது. பதினாறு வயதுக்குக் குறைந்தவரின் சம்மதம் 363ஆம் பிரிவின்கீழ் செல்லாது. "காதலனுடன் சென்று உறவு" என்று எழுதும் கை இதை மறந்துவிடுகிறது. "காமுகன்" தீர்ப்புக்கு முன்னமே தீர்ப்பெழுதுகிறது. அதோடு குற்றவாளி என்றால் கண் சிவந்த ஒரு பூதம் என்ற நினைப்பையும் வளர்க்கிறது. நாளைக்கு அயலில் மதிப்பானவர் ஒருவர் பிடிபட்டால், "அவர் அப்பிடிப்பட்ட ஆளில்லை" என்று சனம் சொல்வதற்கு நாங்களே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும். இத்தனையையும் கழித்தால் மிஞ்சுவது: "சிறுமி மீது பாலியல் வன்முறை: சந்தேகநபருக்கு விளக்கமறியல்". சுவாரசியம் குறைவுதான். குறையட்டும்.

"கற்பழிப்பு" இப்போது ஓரளவு ஒழிந்துவிட்டது. ஆனால் "சீரழித்தார்", "சூறையாடினார்" என்பவை அதே கற்புக் கணக்கைத்தான் வேறு கொப்பியில் எழுதுகின்றன. "துஷ்பிரயோகம்" என்ற சொல்லும் நெருடுகிறது: பிள்ளை பிரயோகிக்கிற பொருளா, பிழையாகப் பிரயோகிக்க? ஆனாலும் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் என்பது 365பி பிரிவின்கீழ் தனிக் குற்றம். குற்றச்சாட்டு அதுவென்றால் அப்படித்தான் எழுதவேண்டும். வல்லுறவு வேறு குற்றம், அதற்கு 7 முதல் 20 ஆண்டுகள் வரை கடூழியச் சிறை. கேட்க நாகரிகமாக இருக்கிறதென்று ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டால் செய்தியே பிழை.

ஆளைக் குறிக்கும் சொல் வழக்கோடு சேர்ந்து நகரவேண்டும். பொலிஸார் தாக்கல் செய்யும் பி அறிக்கையோடு நீதவான் முன் வருபவர் சந்தேகநபர். சட்டமா அதிபர் மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தபின் எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர். தீர்ப்புக்குப் பின்னரே குற்றவாளி. மறுபக்கம், சந்தேகச் சொற்களை முறைப்பாட்டாளர் தலையில் ஏற்றக்கூடாது. "தன்னைத் தாக்கியதாகக் கூறிக்கொள்ளும் பெண்" என்று எழுதுகிறவர்கள், "நகை திருட்டுப் போனதாகக் கூறிக்கொள்ளும் வீட்டுக்காரர்" என்று ஒருநாளும் எழுதுவதில்லை. "என முறைப்பாட்டில் தெரிவிக்கப்பட்டுள்ளது" என்பது இரு தரப்புக்கும் நியாயமானது.

வைத்தியசாலைச் செய்தியில் அடிக்கடி தவறுவது ஒன்று: "வல்லுறவு இடம்பெறவில்லை என மருத்துவப் பரிசோதனையில் உறுதி". சட்ட வைத்திய அதிகாரி எழுதுவது காயங்களையும் தடயங்களையும். வல்லுறவு நடந்ததா என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றம். காயமில்லை என்பதால் குற்றம் நடக்கவில்லை என்றாகாது. பயத்தில் உறைந்துபோனவர் உடலில் ஒரு கீறலும் இல்லாமல் இருக்கலாம். கன்னித்தன்மைப் பரிசோதனை என்பதற்கு விஞ்ஞான அடிப்படை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வேறு ஐ.நா. அமைப்புகளோடு சேர்ந்து அறிவித்தது. அந்தப் பேச்சு முறைப்பாட்டில் இருந்தாலும் செய்திக்குள் வரவேண்டியதில்லை.

படத்தில் முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு, பாடசாலைக் கழுத்துப்பட்டியைப் பளிச்சென்று விடுவார்கள். வீட்டுப் படலையும் மதிலின் நிறமும் அப்படித்தான். வீடியோவில் முகம் மறைந்திருக்கும், பேத்தியார் பேசும் குரல் மறைந்திருக்காது. இப்படியான செய்திக்குப் படமே வேண்டாம். அந்த இடத்தில் சிறுவர் உதவிக்கு 1929, பெண்கள் உதவிக்கு 1938 என்ற இரண்டு இலக்கங்களைப் பெரிதாகப் போடலாம்.

இணையப் பதிப்பில் இன்னொரு பொறி. தலைப்பைத் திருத்தினாலும் இணைப்பு முகவரிக்குள் பழைய தலைப்பு அப்படியே கிடக்கும். முகநூலில் ஏற்கனவே பகிர்ந்த அட்டையில் பழைய படமும் நிற்கும். இரண்டையும் தனித்தனியே மாற்றவேண்டும். இந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடும். தீர்ப்பு வருகிற அன்று புதிய செய்தியைக் கவனமாக எழுதிவிட்டு, "தொடர்புடைய செய்தி" என்று முதல்நாள் செய்தியை அடியில் கோர்த்துவிடுவார்கள். கிராமமும் தரமும் தாயின் தம்பியும் அதற்குள் இன்னும் இருப்பார்கள்.