இரண்டு ரசீதுப் புத்தகம்

காலையில் பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஒரு பஸ் டெப்போ வாசல். ஏழெட்டுக் கொடிக்கம்பம். ஒன்றுக்கு மட்டும் புதுப் பெயின்ட் (எந்தக் கட்சிச் சங்கம் என்று நம்மூரில் யாரும் கேட்கமாட்டார்கள்). கீழே பெஞ்சில் ஒருவர் தொழிற்சங்கச் சந்தா வசூலிக்கிறார். அவர் கையில் ரசீதுப் புத்தகம் இரண்டு.

அந்த இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது.

சங்கத்துக்கும் கட்சிக்கும் உறவு பழசு. 1920-ல் பம்பாயில் தொடங்கிய தொழிற்சங்கக் கூட்டமைப்பான ஏஐடியுசிக்கு முதல் தலைவர், காங்கிரஸ் தலைவர் லாலா லஜபதி ராய். 1947-ல் காங்கிரஸ் பக்கம் ஐஎன்டியுசி. 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது, 1970-ல் மார்க்சிஸ்ட் பக்கம் சிஐடியு பிறந்தது.

1926 தொழிற்சங்கச் சட்டம் இந்தக் கட்சி உறவைத் தடுக்கவில்லை. காசைத்தான் பிரித்தது.

பிரிவு 15, பொது நிதி: ஆபீஸ் செலவு, வழக்கு, விபத்து, சாவு உதவி.
பிரிவு 16, அரசியல் நிதி: வேட்பாளர் செலவு, தேர்தல் கூட்டம், நோட்டீஸ்.

இரண்டாவதுக்குக் காசு கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. கொடுக்காதவரின் சங்கச் சலுகையையும் நிறுத்தக் கூடாது.

கோளாறு எங்கே? ஒரே ரசீதில் இரண்டையும் சேர்த்து எழுதுவதில். தேர்தல் கூட்டத்துக்கு வேன் பிடித்த காசு, 'பயணச் செலவு' என்று பொதுக் கணக்கில் ஏறிவிடும். ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும்போது இடிக்கும். எதிர்க்கோஷ்டிக்கு அது போதும்.

அந்த 1926 சட்டத்தைத் தனக்குள் சேர்த்துக்கொண்டு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2020 தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இன்னொரு கணக்கையும் கொண்டுவந்தது. பல சங்கம் இருந்தால், 51 சதவீதத் தொழிலாளர் ஆதரவு உள்ள சங்கம் மட்டும் நிர்வாகத்துடன் பேசலாம். அப்படி ஒன்றும் இல்லையென்றால் பேச்சுவார்த்தைக் குழு, 20 சதவீதத்துக்கு ஒரு நாற்காலி.

ஏழெட்டுக் கம்பம். மிஞ்சிப்போனால் ஐந்து நாற்காலி.