அல்லிக்குளத்துக்கு இரண்டு முறை

ஊரிலிருந்து சிங்கப்பூர் வந்த அம்மாவை மூன்றாம் நாள் கரையோரப் பூந்தோட்டத்துக்கு (Gardens by the Bay) கூட்டிப் போனேன். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்காவில் தோசை, காபி முடித்து அல்லிக்குளத்தை எட்டியபோது மணி பதினொன்று. நீலப் பூக்கள் மலர்ந்திருந்தன. சிவப்பெல்லாம் கூம்பிக் கிடந்தன.

“தாமரை வாடிப்போச்சே” என்றேன்.

“அல்லிடா அது! ராத்திரிப் பூவைப் பார்க்க உச்சி வெயில்லயா கூட்டிட்டு வருவ?”

அப்புறம் அங்கேயே பாடம். அல்லி இலை தண்ணீரில் படிந்து கிடக்கும், ஓரத்திலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு இருக்கும். தாமரை இலையில் வெட்டு இல்லை. வளர்ந்ததும் குடைபோல் நீருக்கு மேலே நிற்கும். தாவரவியலும் அம்மா கட்சிதான். அல்லி நிம்ஃபியேசியே குடும்பம். தாமரை அதற்குச் சொந்தமே இல்லை. மக்கடேமியா கொட்டை மரம் இருக்கும் வரிசையில் வருகிறது. நாற்பது வயதுவரை இது தெரியாமல் இருந்திருக்கிறேன்.

மறுநாள் ஏழு மணிக்கே போய்விட்டோம். வெளித் தோட்டங்கள் காலை 5 மணிக்கே திறந்துவிடும், கட்டணமும் கிடையாது. நேற்று மூடியிருந்த சிவப்பல்லிகள் அகல விரிந்திருந்தன. இரவில் பூப்பவை வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும்.

அம்மா நகராமல் நின்றது விக்டோரியா அல்லி பக்கம். கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி விளிம்பு தூக்கிய இலை. குனிந்து பார்த்தால் விளிம்பின் வெளிப்பக்கம் முழுக்க முள். இதன் பூ முதல் இரவு வெள்ளை, மறு இரவு இளஞ்சிவப்பு. அமேசானில் முதல் இரவு பூ சூடாகி, வாசம் வீசி, வண்டுகளை இழுக்கும். விடிந்ததும் உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். மறு மாலை மகரந்தம் பூசித்தான் வெளியே விடும்.

“லாட்ஜ் வாடகை மாதிரி” என்றார் அம்மா.

சின்ன வயதில் அல்லித்தண்டை ஒடித்து ஒடித்து, நார் அறாமல் மாலையாக்கிப் போட்டுக்கொள்வாராம். கை குளத்துப் பக்கம் நீண்டது. இங்கே பூப் பறித்தால் அபராதம் என்றதும் முந்தானைக்குள் போனது.

திரும்பும் வழியில் தேக்காவில் ஒரு கடை. ‘தாமரை விதை’ என்று ஒட்டிய மக்கானா பொட்டலத்தை அம்மா எடுத்தார். இந்த ஒன்றாவது எனக்குத் தெரியும்.

“அம்மா, இதுவும் அல்லிக் குடும்பம்தான். தாமரை இல்லை.”

பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ ஏன் இப்படிப் போட்டிருக்கான்?”

பதில் இல்லை என்னிடம். இரண்டு பொட்டலம் வாங்கினோம்.